பழைய சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

சேலம் பக்கத்துப் பழங்கோயில்களைத் திருடர்களைவிட அதிகம் சேதப்படுத்தியவர்கள் கைக்காசு போட்டுத் திருப்பணி செய்தவர்கள்தான் என்பது என் எண்ணம். எங்கள் ஊர்க் கோயில் மதிலுக்கு சிமெண்ட் பூசியபோது கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் நிற்பது. சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் விட்டுப் புளிக்கவைத்து, அரைத்துப் பூசினார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லை. உள்ளே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். வெளிப்பூச்சு மட்டும் சில மழைக்காலம் ஜம்மென்று நிற்கும், நம்மை ஏமாற்ற.

எண்ணெய்ப் பிசுக்கு போக மணலைப் பீய்ச்சியடிப்பதும் இதே ரகம். கருங்கல் பளிச்சென்று ஆகிவிடும், சரி. கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் கூடவே போய்விடுமே! தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை உருளும். அத்தனை நுணுக்கமான உளிவேலை மணலடிக்குத் தாங்குமா? மதிலில் முளைத்த அரசங்கன்றையும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். மேலோடு வெட்டினாலோ மறுபடி துளிர்த்து வேர் தடிக்கும். கன்று இரண்டு இலை விடும்போதே கவனித்துவிட வேண்டும்.

சட்டத்தில் சறுக்குகிறவர்களும் நிறைய. தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை, ஆத்தூர்க் கோட்டை இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். பலர் கண்ணில் படும் சுவரிலிருந்து டேப் பிடித்து அளக்கிறார்கள். அளவு தொடங்குவது பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. பஞ்சாயத்து பிளான் கையில் இருந்தாலும் இந்த அனுமதி தனியாக வேண்டும். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் வேண்டும். மீறினால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழசாக இருந்தாலே அரசு பாதுகாக்கும் என்று நம்புவதும் தப்பு. மத்திய அரசோ, 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசோ அறிவித்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவுக்கு நூறு வயது என்பதால் மட்டும் அதை இடிக்க முடியாமல் போகாது.

அப்புறம், நிலத்தில் கிடைப்பவை. சண்டையில் இறந்த வீரனுக்காக வயலில் நட்ட நடுகல்லைக் கோயிலுக்குத் தூக்கி வந்து பெயிண்ட் அடிப்பார்கள். வீரன் எங்கே விழுந்தான் என்ற சேதி அதோடு போச்சு. சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகளைச் சின்னக் கோயில்களில் வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. கும்பிடட்டும். விற்கவோ சுற்றுலாப் பயணியிடம் கொடுக்கவோ வேண்டாம். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். குழி வெட்டும்போது காசுப் பானை தட்டுப்பட்டால் கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு, முதலில் விஏஓவுக்குப் போன் அடியுங்கள்.