சென்னையில் குறைந்த செலவில் உடற்பயிற்சி: மாநகராட்சி வசதிகளைக் கண்டறிவதும் கேட்டுப் பெறுவதும்

தனியார் ஜிம்மில் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவதற்கு முன், உங்கள் வார்டில் மாநகராட்சி ஏற்கெனவே என்ன அமைத்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சியிடம் உடற்பயிற்சிக் கூடங்கள், பூங்காக்களில் திறந்தவெளிக் கருவிகள், விளையாட்டுத் திடல்கள் எனப் பல உள்ளன. ஆனால் திடலின் மூலையிலோ சமுதாய நலக்கூடத்தின் பின்புறமோ இருக்கும் கூடம் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாமல் போவதுண்டு. ஆகவே வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு ஒரு வேலைநாளில் காலை ஆறு மணிக்கும் மாலையிலும் நேரில் போய்ப் பாருங்கள். பலகையில் எழுதியுள்ள நேரத்தைவிட, சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதே முக்கியம். பெண்கள் தங்களுக்கெனத் தனி நேரமோ தனிக் கூடமோ உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

பூங்காக் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அவற்றை விளையாட்டுப் பொருளாகவே நினைக்கிறார்கள். உட்கார்ந்து கைப்பிடிகளை முன்னே தள்ளும் கருவியில் தனியாக எடைத்தட்டுகள் கிடையாது. தள்ளும்போது இருக்கையோடு உங்கள் உடல் மேலே எழும்புவதால், உங்கள் எடையின் ஒரு பகுதியே பளுவாகிறது. எனவே பளுவைக் கூட்ட முடியாது. மெதுவாகத் தள்ளி, அதைவிட மெதுவாக இறக்கி, எண்ணிக்கையைக் கூட்டலாம். காலை முன்னும் பின்னும் வீசும் கருவி மூட்டுகளைத் தளர்த்த உதவுமே தவிர, விறுவிறுப்பான நடைக்கு ஈடாகாது. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழுதல் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் குறை பெரும்பாலும் நீங்கும். ஏறுவதற்கு முன் கருவியைக் கையால் ஆட்டிப் பாருங்கள்: அடிப்பலகையின் போல்ட் தளர்ந்திருந்தாலோ மிதிபலகையின் பற்றவைப்பில் துரு பிடித்திருந்தாலோ அதைத் தொட வேண்டாம். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் இரும்புக் கைப்பிடி சுடும்.

நீந்த விரும்புவோருக்கு மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளமும், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டு இப்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் உள்ள வேளச்சேரி நீச்சல் வளாகமும் உண்டு. நடைக்கு, பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் தொடங்கிய 8 கிலோமீட்டர் நலநடைப் பாதை இருக்கிறது. தனியார் ஜிம்தான் வேண்டுமென்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளதை நினைவில் வைத்து ரசீதைப் பாருங்கள். உள்ளீட்டு வரிக் கழிவு (ஜிம் தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லையென்று சொல்லி அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தியிருக்கவும் கூடும்.

கூடம் பூட்டிக் கிடந்தாலோ கருவி உடைந்திருந்தாலோ, 1913 என்ற எண்ணில் புகார் அளித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜிம் சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் புகார் எளிதில் முடித்துவைக்கப்படும். பூங்காவின் பெயர், கருவி நிற்கும் இடம், பழுது இன்னதென்பதைப் படத்துடன் சொல்ல வேண்டும்.

கட்டணம் தொடர்பான குறை என்றால் மாமன்ற உறுப்பினரைச் சந்திப்பதே நேர்வழி, ஏனெனில் அது மாமன்றத் தீர்மானத்துக்கு உட்பட்டது. 2024 அக்டோபரில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் அது உடனே கைவிடப்பட்டது. பணம் கட்ட முடியாத பிள்ளைகள் ஆடும் திடல் அது என்பதைப் பலர் சேர்ந்து சொன்னதால்தான் தீர்மானம் கைவிடப்பட்டது. ஆகவே மனுவில் பூங்காவுக்கு அன்றாடம் வருவோர் பலரின் கையொப்பத்தை வாங்குங்கள்.

இதற்கும் பதில் வராவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 'ஏன் பழுது பார்க்கவில்லை?' என்று கேட்காமல், கூடம் எந்த நிதியில் கட்டப்பட்டது, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எந்தத் தேதி வரை, பணிநேர ஆணையின் நகல் எங்கே என்று ஆவணங்களைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை.