காற்றுமறைவில் குவியும் பனி: ஸ்கொட்லாந்து மலையிடுக்குகளின் நிலையை அறிதல்

திருகோணமலையிலிருந்து கிளாஸ்கோவுக்கோ எடின்பரோவுக்கோ படிக்கச் செல்லும் ஒருவரை, முதற் குளிர்காலத்திலேயே நண்பர்கள் பென் நெவிஸ் மலைக்கு அழைக்கக் கூடும். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பனி நிறைந்து மேலேறும் இடுக்குகளில்தான் அங்கே பலர் குளிர்கால ஏற்றத்தைப் பழகத் தொடங்குகிறார்கள். ஏறும் கடினத்தில் ஒன்றாம் தரம் எனப்படும் இடுக்குகள் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வுடையவை. பனிக்கோடரியும், சப்பாத்தின் அடியில் பூட்டும் முள்தட்டான கிராம்பனும் கையாளப் பழகியவருக்கு அவை இலகு. ஆனால் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளிலேயே நிகழ்கின்றன என்பதால், 'இலகு' என்ற சொல்லை நம்பிப் புறப்படக் கூடாது.

முதலில் ஆராய வேண்டியது முந்திய நான்கைந்து நாட்களின் காற்றை. அன்றைய வானிலை அதற்குப் பிறகுதான். கச்சான் எனப்படும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடப்பது, காற்று தரைப்பக்கமிருந்து வருவதால்தான் என்று நம் ஊரில் சிறுவருக்கும் தெரியும். காற்றுமறைவு என்றால் பாதுகாப்பு என்பது கடலோரத்தாரின் மனத்தில் ஊறிய எண்ணம். பனிமலையில் அதுவே ஆளைக் கவிழ்க்கும். முகட்டைத் தாண்டியதும் காற்று வேகம் தணிந்து, சுமந்து வந்த பனியை மறைவுப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. ஸ்கொட்லாந்தில் அடிக்கடி வீசும் தென்மேல் காற்று, பென் நெவிஸின் வடகிழக்கு முகத்திலுள்ள இடுக்குகளை இப்படித்தான் நிரப்புகிறது. புதுப்பனி பெய்யாத தெளிந்த நாளிலும், ஏற்கெனவே கிடக்கும் உதிர்பனியை அள்ளி வந்து, பலகை போன்ற ஓர் அடுக்கைக் காற்று அங்கே அமைத்துவிடும். கீழடுக்கோடு ஒட்டாத அந்தப் பலகை, ஒருவரின் பாரத்திலேயே முறிந்து வழுக்கிவிடலாம். இடுக்கின் உச்சியில் கூரை இறவாரம்போலத் தொங்கும் பனிவிளிம்பைக் கட்டுவதும் அதே காற்றுதான். வெப்பம் ஏறும் நாளில் அது உடையக் கூடும் என்பதால், அன்று அதன் கீழே போகவே கூடாது.

நல்ல நிலை என்பது, பெய்த பனி ஓரளவு உருகி, நீர் ஊறி, மறுபடி இறுக உறைந்தபின் கிடைக்கும் கெட்டிப் பனியாகும். ஏறுவோர் அதனை 'நெவே' என்பர். உருகிய பின் உறையாத இடுக்கில் கால் புதையும், கல்லும் விழும். உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று கொண்டால், கடலோர நகரான போர்ட் வில்லியத்தில் 7 பாகை உள்ள நாளில் 1345 மீற்றர் உச்சியில் ஏறத்தாழ -2 பாகைதான் இருக்கும். இடுக்கின் அடிப்பகுதியோ ஈரமாகவே இருக்கும்.

ஸ்கொட்லாந்துப் பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலத்தில் ஆறு மலைப்பகுதிகளுக்கு நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. அபாய அளவில் ஐந்து படிகள் உண்டு. மூன்றாம் படி நடுவில் நிற்பதால் பரவாயில்லை என்று எண்ணுவது தவறு. அதன் பெயரே 'கணிசமான அபாயம்' என்பதாகும். எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில் அபாயம் என்பதை அறிக்கையிலுள்ள வட்டப்படம் காட்டும். உங்கள் இடுக்கு அதற்குள் அடங்கினால் வேறு முகத்தைத் தெரிவு செய்யுங்கள்.

இடத்துக்குச் சென்றபின் காலும் காதும் அறிக்கையைச் சரிபார்க்கட்டும். மிதிக்கும்போது பனி 'தொம்' என்று அமர்ந்தாலோ, காலடியிலிருந்து வெடிப்பு ஓடினாலோ திரும்பிவிட வேண்டும். முன்சென்றவரின் காலடித் தடம் அவர் சென்றார் என்பதற்கு மட்டுமே சான்று. மேலே ஆட்கள் இருந்தால் பனிக்கட்டி விழும், தலைக்கவசம் அவசியம். முதன்முறை ஏறுபவர் தகுதிபெற்ற வழிகாட்டியின்றிச் செல்லலாகாது.

டிசம்பரின் பிற்பகுதியில் அங்கே பகல் 7 மணி நேரத்துக்கும் குறைவு. மாலை ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்ற நம் ஊர்க் கணக்கு உதவாது, தலைவிளக்கு கட்டாயம். பென் நெவிஸ் உச்சியில் மூடுபனி இறங்கினால், உச்சித் தூணிலிருந்து வரைபட வடக்கின்படி (வரைபடத்தின் கட்டக்கோடுகள் காட்டும் வடக்கு) 231 பாகையில் 150 மீற்றர் நடந்து, பின்னர் 282 பாகையில் இறங்க வேண்டும். இதனை ஏறுமுன்னரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியின் இரு புறமும் இடுக்குகளே வாய் திறந்து கிடக்கின்றன.