டிரெய்லர் இழுக்கும் பழைய டாட்ஜ் ராமுக்கு எந்த ஃபியூயல் பிளேட்?

என் வண்டி 1996 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 12 வால்வு, ஐந்து கியர் மேனுவல். நான் வாங்குவதற்கு முன்பே யாரோ டீசல் பம்ப்பிலிருந்த ஃபியூயல் பிளேட்டை, அதாவது டீசலின் அளவுக்கு வரம்பு வைக்கும் தகட்டை, கழற்றி எறிந்திருந்தார்கள். காலி வண்டியை மிதித்தால் பறக்கும், பின்னால் கரும்புகை கக்கும். ஓடுகிறதே என்று அப்படியே விட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் 9,000 பவுண்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே ஏறினேன். ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முன்னால் வரும் மேட்டில் எக்ஸாஸ்ட் வெப்பமானியின் முள் 1,400 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல், முள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று இரவே பிளேட் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே சொல்வது 1994 முதல் 1998 வரை வந்த, பாஷ் பி7100 பம்ப் உள்ள 12 வால்வு வண்டிகளுக்கு மட்டும்தான். 24 வால்வு வண்டியில் பம்ப்பே வேறு.

பிளேட் என்ன செய்கிறது

கையடக்கமான ஓர் இரும்புத் தகடு. அதன் ஒரு விளிம்பு வளைவாக வெட்டப்பட்டிருக்கும். இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரிலிருந்து வரும் ஒரு கையின் மூக்கு அந்த விளிம்பில் வந்து முட்டும். இன்ஜினின் சுற்று (நிமிடத்துக்கு) ஏற ஏற மூக்கு விளிம்பின் மீது நகரும். எந்தச் சுற்றில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அந்த வளைவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே பிளேட் வாங்குவது என்றால் ஒரு வளைவை வாங்குவது. குதிரைத்திறனைப் பார்த்து வாங்கினால் அடுத்த மேட்டிலேயே வருத்தப்படுவீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

டிஎஸ்டி நிறுவனத்தின் எண்ணிட்ட பிளேட்டுகள்தான் எல்லோரும் பேசுவது. எண் பெரிதானால் டீசல் கூடும் என்று நினைக்காதீர்கள், அந்த எண்கள் வரிசைப்படி இல்லை. 0 எண் பிளேட், 10 எண் பிளேட்டைவிட நிறைய டீசல் விடும். பளு இழுப்பவர்களுக்கு என் பரிந்துரை 10. காரணம் இதுதான்: டிரெய்லருடன் மேடு ஏறும்போது நான் பெரும்பாலும் 1,800க்கும் 2,400க்கும் நடுவில்தான் ஓட்டுகிறேன். மேனுவல் வண்டியின் 215 குதிரைத்திறன் 2,600 சுற்றில் வருகிறது, 440 அடி-பவுண்டு முறுக்குவிசையோ 1,600 சுற்றிலேயே வந்துவிடுகிறது. நடுச்சுற்றில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, புகையாக மாறும் அளவுக்குக் கொட்டாத வளைவுதான் நமக்கு வேண்டும். கொலராடோவில் இது இன்னும் முக்கியம். சுரங்கம் இருப்பது 11,158 அடியில். அங்கே காற்று மெலிசு, எரிக்க ஆக்சிஜன் குறைவு, கூடுதல் டீசல் எல்லாம் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

பழைய பிளேட் இன்னும் உள்ளே இருந்தால் முதலில் அதையே ரேடியேட்டர் பக்கமாக, அதாவது முன்னால், நகர்த்திப் பாருங்கள்; டீசல் கூடும். செலவே இல்லை. பலருக்கு அதுவே போதும். அரத்தை எடுத்துப் பிளேட்டை ராவும் வேலை வேண்டவே வேண்டாம், ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

தொடுவதற்கு முன்

எக்ஸாஸ்ட் வெப்பமானியும் பூஸ்ட் மீட்டரும் (டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டுவது) இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். வெப்பமானியின் முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் புகை சேரும் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் குறைத்துக் காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். நீண்ட மேட்டில் 1,250 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை என்பது என் கணக்கு. அப்புறம் பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வைச் சோதியுங்கள். அது தேய்ந்து டீசல் அழுத்தம் விழுந்திருந்தால் எந்தப் பிளேட் போட்டாலும் பலன் தெரியாது.

மாட்டுவது

பம்ப் டிரைவர் பக்கம் இருக்கிறது. அதன் பின்முனையில், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) ஒட்டி, மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் ஏஎஃப்சி. பூஸ்டுக்குத் தக்கபடி டீசலை விடுவது அதன் வேலை. பூஸ்ட் குழாயைக் கழற்றிவிட்டுப் போல்ட்டுகளை எடுங்கள். யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு போல்ட்டின் தலை கழுத்தோடு முறிக்கப்பட்டிருக்கும். சுழல் அரவை கருவியால் அதில் காடி வெட்டச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. இரும்புத்தூள் கவர்னருக்குள் போகும். கூரான சிறு உளியைப் போல்ட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் தட்டித் தட்டி இளக்குங்கள். நான்காவது அடியில் எனக்கு அசைந்தது.

பெட்டியைத் தூக்கினால் கீழே பிளேட்டும் இரண்டு திருகுகளும் தெரியும். தளர்த்துவதற்கு முன் பழைய இடத்தை ஊசியால் கீறி வையுங்கள். திறந்த குழியில் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருகு உள்ளே விழுந்தால் காந்தக்கோலுடன் மாலை முழுக்கப் போய்விடும்.

நான் தடுமாறிய இடம் அடுத்தது. கவர்னர் கையின் மூக்கு பிளேட்டுக்குப் பின்னால், அதாவது ஃபயர்வால் பக்கம் இருக்க வேண்டும். ஏஎஃப்சி பெட்டியிலிருந்து கீழே நீளும் உள்காலுக்கும் அது பின்னால்தான் இருக்க வேண்டும். மூக்கு முன்பக்கம் மாட்டிக்கொண்டால் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக் முழு டீசலில் நின்றுவிடும், ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தறிகெட்டு ஓடும். முதல் முறை அவசரத்தில் பெட்டியை உட்கார வைத்தபோது அது ஒரு பக்கம் நூலளவு தூக்கி நின்றது. போல்ட்டை முறுக்கினால் இறங்கிவிடும் என்று தோன்றியது. நல்லவேளை, முறுக்கவில்லை. தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் கால் தவறான பக்கத்தில் இருந்தது. பெட்டி தானாகப் படியாவிட்டால் முறுக்காதீர்கள். சாவி அணைந்த நிலையிலேயே வேலை செய்யுங்கள். மூடியபின் ஆக்ஸிலரேட்டர் லிவரையும் நிறுத்தும் லிவரையும் கையால் அசைத்து, இரண்டும் தடையில்லாமல் திரும்புகின்றனவா என்று பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது இன்னொருவர் டர்போவின் காற்றுவாயருகே ஒரு தடித்த பலகையுடன் நிற்கட்டும். இன்ஜின் தறிகெட்டு ஓடிவிட்டால் காற்றை அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உறிஞ்சிவிடும்.

கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையது எண்ணெய் கசியும்.

ஓட்டிப் பார்த்த பிறகு

10 எண் பிளேட்டை முதலில் நடுவில் வைத்தேன். அதே டிரெய்லர், அதே மேடு: 1,200 டிகிரி. பிளேட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன், 1,300 வந்தது, திரும்ப நடுவுக்கே கொண்டுவந்துவிட்டேன். கிளம்பும்போது புகை அதிகமென்றால் பிளேட்டைத் தொடாமல் ஏஎஃப்சி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டுங்கள்.

பிளேட் போட்டதால் வண்டியின் இழுவை வரம்பு கூடாது. பிரேக்கும் வண்டியின் சட்டகமும் அப்படியேதான் இருக்கின்றன. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றுவதற்குச் சட்டத் தடை உண்டு, உங்கள் மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் இரண்டு வாசகர்கள் பிளேட் போட்டதும் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்று எழுதினார்கள். இன்ஜினின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்குகிறது. 47ஆர்ஹெச், 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகள் இரண்டிலும் இது தெரிந்த பலவீனம். கன்வெர்ட்டரை மாற்றும்வரை பிளேட்டைப் பின்னால் தள்ளி வையுங்கள். மேனுவலில் கிளட்ச் வழுக்கினாலும் அதேதான்.

இன்னொருவர் முன்பக்க டைமிங் கியர் மூடிக்குள் இருக்கும் சிறிய டவல் பின்னை (பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் உலோக முளை) பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பின் நழுவிக் கியருக்குள் விழுந்தால் இன்ஜினே போய்விடும். பிளேட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் மூடியைத் திறந்து, அதைத் தடுக்கும் சின்னத் தகட்டைப் போட்டுவிடுங்கள். எனக்கு ஒரு வார இறுதி ஆயிற்று.