மாதம் ஒரு நூல்: ஊரில் வாசகர் வட்டம் நடத்தும் முறை

ஊரில் ஒரு வாசகர் வட்டத்தைத் தொடங்குவது எளிது. ஐந்தாவது, ஆறாவது மாதத்திலும் ஆட்கள் வந்து அமர்வதற்குத்தான் முன்னேற்பாடு தேவைப்படுகிறது. இரசனை வேறுபாட்டால் கலைந்த வட்டங்கள் குறைவு என்பதே என் கணிப்பு. தேர்ந்தெடுத்த நூல் கைக்குக் கிடைக்காதவர்களும், கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் முடிக்க இயலாதவர்களும், படிக்காமல் போய் உட்காரக் கூச்சப்பட்டு முதலில் ஒரு கூட்டத்தைத் தவிர்க்கிறார்கள், பிறகு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே எந்த நூல் என்று முடிவு செய்யும்போதே, அது எல்லோர் கைக்கும் எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

இடத்துக்கு முதலில் அரசுக் கிளை நூலகத்தை அணுகுங்கள். பல கிளைகளில் பெயரளவிலேனும் ஒரு வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கும். அதற்கு உயிரூட்ட முன்வருவோரை நூலகர் பெரும்பாலும் வரவேற்கவே செய்வார். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது என்பதால், இடம் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. இடம் கிடைக்காவிட்டால் பள்ளி வகுப்பறையோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியோ போதும். கூடும் நாளை ‘மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி’ என்பதுபோல் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோருடைய வசதியையும் கேட்டு நாள் குறிக்கப் புகுந்தால், முகூர்த்தமும் தேர்வும் குறுக்கிட்டுக் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும்.

நூல் தேர்வுக்கு வாக்கெடுப்பை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் எல்லோருக்கும் முன்பே தெரிந்த நான்கைந்து எழுத்தாளர்களே மாறி மாறி வெல்வார்கள். அதைவிட, உறுப்பினர் ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு மாதத்துக்குப் பொறுப்பேற்று, அந்த மாத நூலைத் தாமே தேர்ந்தெடுப்பது நல்லது. பிறர் அதை மறுக்கக் கூடாது. ஆனால் தேர்ந்தெடுப்பவர் அந்த நூலை முழுவதும் படித்திருக்க வேண்டும், ஐந்து பிரதிகளேனும் எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் வட்டத்தைக் காப்பாற்றும். அச்சில் இல்லாத அரிய நூலை ஒருவர் ஆர்வத்தோடு முன்மொழியும்போது, அது எவ்வளவு சிறந்ததாயினும், பிரதி கிடைக்கும் காலம்வரை ஒத்திவைப்பதே சரி.

அளவும் கவனிக்க வேண்டியது. வேலைக்குப் போகிறவர் ஒரு மாதத்தில் சிரமமின்றி முடிக்கக்கூடியது இருநூறு, இருநூற்றைம்பது பக்கங்கள்தான். ஐந்து பாகங்கள் கொண்ட ‘பொன்னியின் செல்வ’னை ஒரே மாதத்துக்கு வைப்பது வீம்பு, வேண்டுமானால் மாதம் ஒரு பாகமாக ஐந்து மாதங்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் சேர வருபவர்களுக்கு அது கதவடைப்பாக ஆகிவிடும். நாவல் படித்த மாதத்துக்கு அடுத்த மாதம் இரண்டு மூன்று சிறுகதைகள் என்று மாற்றி மாற்றி வைத்தால், பின்தங்கியவர்கள் மீண்டும் வந்து சேர்ந்துகொள்வார்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சில பக்கங்களே. கூட்டத்திலேயே உரக்கப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பேச அதில் விஷயம் இருக்கிறது. கட்டுரை, தன்வரலாறு, மலையாளத்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கும் ஆண்டில் சில மாதங்களை ஒதுக்குங்கள்.

பிரதிகளைப் பொறுத்தவரை, நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது படைப்புகளின் உரிமையை அரசு பெற்றுப் பொதுவாக்கிவிட்ட எழுத்தாளர்களிடமிருந்து தொடங்குவது செலவில்லாத வழி. அவர்களுடைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் ‘மதுரைத் திட்டம்’ என்ற இணைய நூலகத்திலும் பழைய நூல்கள் ஏராளம். உரிமை நடப்பில் உள்ள நூலை நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிற உறுப்பினரிடம் அடுத்த ஆறு மாதத்துக்கான பட்டியலைக் கொடுத்தனுப்பினால், வழக்கமான பத்து விழுக்காடு தள்ளுபடியும் கிடைக்கும், பிரதிகளும் ஒரே பதிப்பாக அமையும். பதிப்புகள் வேறுபட்டால் பக்க எண் உதவாது. அத்தியாய எண்ணைச் சொல்லியே பேச வேண்டும்.

கூட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். கதைச் சுருக்கம் சொல்லித் தொடங்க வேண்டாம்; அது சுவாரசியத்தைக் கொன்றுவிடும், படிக்காமல் வருவதற்கும் வசதி செய்துகொடுக்கும். மாறாக, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த அல்லது உடன்பாடில்லாத ஒரு பத்தியைக் குறித்துக்கொண்டு வந்து, அதை வாய்விட்டுப் படித்துக் காரணத்தைச் சொல்லட்டும். மேடைப் பேச்சுக்குப் பழகியவர்கள் ஒரு சுற்றிலேயே நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அந்த மாதப் பொறுப்பாளர் வரையறுத்துவிட வேண்டும், வயதில் மூத்தவரை இடைமறிக்கத் தயங்கும் இளையவர், “ஐயா, இவங்களையும் கேட்டுட்டு வந்துடலாமா?” என்று கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தேநீரும் சுண்டலும் இடைவேளையில் அல்ல, இறுதியில் வரட்டும். இடையில் எழுந்தவர்கள் ஊர்க்கதைக்குப் போய்விட்டால் திரும்ப நூலுக்கு அழைத்து வருவது கடினம்.

நூலாசிரியரை அழைக்கும் ஆசை விரைவிலேயே எழும். முதல் ஓராண்டுக்கு அதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து: ஆசிரியர் எதிரே அமர்ந்திருக்கும்போது கருத்து வேறுபாடு பாராட்டுரையாக மாறிவிடுகிறது. அழைத்தாலும், நூலைப் பற்றி முதலில் நாமே ஒரு கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு, எழுந்த கேள்விகளோடு அடுத்த மாதம் அவரைச் சந்திப்பது இருவருக்கும் பயனளிக்கும். கலைவதற்கு முன் அடுத்த மாத நூலையும் அதற்கடுத்த மாதப் பொறுப்பாளரின் பெயரையும் அறிவித்து, வராதவர்களுக்காகக் குழுவிலும் அன்றிரவே பதிவிட்டுவிடுங்கள்.