கவுன்சலிங் தொடங்க எந்த மாதம் தோது?

"பொங்கல் கழியட்டும்", "பிள்ளை பரீட்சை முடியட்டும்", "ஆடி போகட்டும்" என்று மனநல கவுன்சலிங்கைத் தள்ளிப்போடாதவர்கள் குறைவு. இவற்றில் சில சரியான காரணங்கள். ஆடி மட்டும் நேர்மாறு. ஏன் என்று கீழே பார்ப்போம்.

முதலில் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம், நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லாமை, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பிரசவமான பின் குழந்தையைத் தொடவே பயமாக இருப்பது: இதற்கெல்லாம் மாதம் பார்க்கக் கூடாது. இன்றே 14416-ஐ அழையுங்கள். அது 'டெலி மானஸ்', மத்திய அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு. உயிருக்கே ஆபத்து என்றால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

மற்றவர்கள் காலண்டரை எடுக்கலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அதிகம் தரப்படும் சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) முறையில், வாரத்துக்கு ஒன்றாக 12 முதல் 20 அமர்வு வரை ஆகும். ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முதல் இரண்டு மூன்று அமர்வுகள் உங்களைப் பற்றிக் கேட்டறிவதிலேயே போய்விடும். பழக்கத்தை மாற்றும் வேலை அதன் பிறகுதான் சூடுபிடிக்கும். இரண்டாவது அமர்வு முடிந்ததும் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது பேச்சு முதலிலிருந்துதான் தொடங்கும். பலர் வருவதே இல்லை.

ஆகவே நீங்கள் தேடவேண்டியது நல்ல நாளை அல்ல, 12 வாரத்தை. அதில் அதிகபட்சம் இரண்டு வாரம் விட்டுப்போகலாம்; முதல் நான்கில் ஒன்றுகூடப் போகக் கூடாது. கல்யாணம், திருவிழா, ஆபீஸில் ஆடிட், பள்ளிக் கட்டணம் கட்டும் தேதி எல்லாவற்றையும் சிவப்பில் குறியுங்கள். சிவப்பு இல்லாத நீளமான இடம் எது என்று தானாகத் தெரியும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த இடம் ஜூலை நடுவில், ஆடி பிறக்கும்போது தொடங்குகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் அந்த மாதம் கல்யாணப் பயணம் கிடையாது. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகி, ஜூன் மாதக் கட்டணச் சுமையும் தணிந்திருக்கும். ஜூலை 20 வாக்கில் ஆரம்பித்தால் 12 அமர்வு அக்டோபர் முதல் பாதியில் முடியும். தீபாவளி அலைச்சலும் வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பிறகுதான். ஊர்க் கோயில் கொடைக்கு ஒரு வாரம், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் விட்டாலும் கணக்கு நிற்கும். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால், 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்றதும் நம்மவர்கள்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது தோதான காலம் பொங்கல் முடிந்த வாரம். ஏப்ரல் நடுவரை இடைவெளி இல்லாமல் போகும். ஆனால் வீட்டில் 10ஆம் அல்லது 12ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இது சரிப்படாது; மார்ச் முழுக்க உங்கள் மாலைப்பொழுது உங்களுடையதாக இருக்காது. டெல்டா விவசாயிகளுக்கும் சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் வசதி.

தேர்வு எழுதப்போகிறவருக்கே என்றால் கணக்கு வேறு. ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துவது), பழைய அதிர்ச்சி போன்றவற்றுக்கான சிகிச்சையில் ஆரம்ப வாரங்களில் மனம் இன்னும் கலங்கலாம். பயிற்சிக்குத் தினமும் நேரமும் வேண்டும். நீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதைத் தொடங்க வேண்டாம். தூக்கம், மூச்சுப் பயிற்சி, படபடப்பைக் கையாள்வது என்று நாலைந்து அமர்வு மட்டும் கேளுங்கள். ஆழமான வேலையை ஜூனில் வைத்துக்கொள்ளலாம்.

துக்கத்தில் இருப்பவர்கள் திதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். நினைவு நாளுக்கு முந்தைய வாரத்தில் முதல் அமர்வு வைத்தால் அந்த நாளின் பாரம் முழுக்க அறிமுகமே இல்லாத ஒருவர்முன் இறங்கும். ஆறேழு வாரம் முன்பே தொடங்கிவிட்டால், அந்த நாளை எப்படிக் கடப்பது என்று சேர்ந்து திட்டமிட நேரம் இருக்கும்.

தொடங்க நினைக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே போன் செய்யுங்கள். மாலை நேரமும் சனிக்கிழமையும் சீக்கிரம் நிரம்பிவிடும். கேட்க வேண்டியவை: என்ன படிப்பு (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும்), கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் ரத்துக்குக் கட்டணம் இல்லை, மழை நாளில் வீடியோவில் பேசலாமா. எல்லோரும் கேட்க மறப்பது ஒன்று: அடுத்த மூன்று மாதத்தில் அவர் எப்போது விடுமுறை எடுக்கிறார்? மே மாதத்தில் இது முக்கியம்.

கட்டணத்தை 12-ஆல் பெருக்குங்கள். 1,000 ரூபாய் என்றால் 12,000. அந்தத் தொகை முழுவதும் கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஐந்தாவது வாரத்தில் பணத்துக்காக நிறுத்துவதைவிட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குவது மேல். மருத்துவக் காப்பீட்டை நம்பும் முன் பாலிசியைப் படியுங்கள். மனநோய்க்கு உள்நோயாளிச் செலவு தந்தாலும், வெளிநோயாளி அமர்வுகளைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை.

மருத்துவர் மனச்சோர்வு மாத்திரையும் எழுதியிருந்தால், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மாத்திரையை முதலில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து அமர்வுக்கு வருவது, படுக்கையைவிட்டு எழவே முடியாதவர்களுக்கு எளிது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் சித்திரை வெயிலில் மதிய நேர அமர்வுக்கு அலைய வேண்டாம். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்.