டிடிடி போட்ட சிவப்பணு: சறுக்கும் இடங்கள்

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் 1952-லேயே பதிவானது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் அந்த நோயாளிகளுக்கு, ஏற்றிய சிவப்பணுவுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகலாம். சிலருக்கு பேனல் (எந்த ஆன்டிபாடி என்று கண்டறியும் சோதனைச் செல்களின் வரிசை) முழுக்க பாசிட்டிவ் காட்டும். கெல் ரத்தக் குழுவின் ஆன்டிஜென் (சிவப்பணு மேலுள்ள அடையாளம்) அறவே இல்லாத செல் மலையில் யாரிடம் இருக்கிறது? டிடிடி என்கிற டைதயோதிரைட்டாலில் ஊறவைத்து அதைப் போன்ற செல்லை நாமே தயாரிக்கிறோம். லேபிள் ஒட்ட மறப்பதையெல்லாம் இங்கே பேசவில்லை.

கன்ட்ரோல் இல்லாமல் ரிசல்ட் எழுதுவது

புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. டிடிடி போட்ட பிறகும் பாசிட்டிவ், ஆகவே கெல் ஆன்டிபாடி இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். டிடிடி வேலை செய்ததா என்று யார் பார்த்தது?

பெரும்பாலும் கோளாறு பஃபரில்தான். 1 கிராம் டிடிடியை பிஎச் 8.0 உள்ள பாஸ்பேட் பஃபர் 32 மி.லி.யில் கரைத்தால் 0.2 மோலார். கைக்கு எட்டிய பிஎச் 7.3 சலைனில் கரைத்தால் வேகம் போய்விடும்: டிடிடியில் உள்ள தயோல் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) புரோட்டானை இழந்தால்தான் கெல் புரதத்தின் மடிப்பைப் பிடித்திருக்கும் டைசல்பைடு பாலங்களை உடைக்கும். உருக்கிய மிச்சத்தை மறுபடி உறையவைப்பதும் இதே கதிதான். காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும்.

கழுவிய பேக்டு செல் 1 பங்கு, டிடிடி 4 பங்கு. 37 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம், இடையிடையே கவிழ்த்துக் கலக்கி, பிறகு 4 முறை கழுவுங்கள். கூடவே இரண்டு கன்ட்ரோல் குழாய்: கெல் குழுவின் செல்லானோ ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஆன்டி-செல்லானோ நெகட்டிவ் ஆக வேண்டும், டிடிடி தொடாத இ ஆன்டிஜென் உள்ள செல் ஆன்டி-இ-யோடு பாசிட்டிவாகவே நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நெகட்டிவ் ஆனதும் "கெல்தான்" என்பது

லூதரன், டோம்பிராக், குரோமர், 1973-இல் பம்பாயில் கண்ட இந்தியன் ஆகிய ரத்தக் குழுக்களின் ஆன்டிஜென் எல்லாமே டிடிடியில் அடிபடும்.

டாராடுமுமாப் நோயாளி

மைலோமா புற்றுநோய்க்கான இந்த மருந்து சிவப்பணு மேலுள்ள சிடி38 புரதத்தைப் பிடித்து பேனலைக் குழப்பும். டிடிடியில் சிடி38 போவதால் குறுக்கீடு நீங்கும்; ஆனால் கெல் குழுவின் கே ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டி-கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கே நெகட்டிவ் யூனிட்டே கொடுங்கள்.

அந்தச் செல்லை நோயாளிக்கு ஏற்றுவது

கூடவே கூடாது.

பப்பெயின் செல்லும் உதகைக் குளிரும்

பப்பெயின் என்ற பப்பாளி நொதி, டஃபி ரத்தக் குழுவின் ஏ, பி ஆன்டிஜென் இரண்டையும் அழிக்கும். டஃபி 3 நிற்கும், ஆகவே அது உண்மையான டஃபி நல் (டஃபி எதுவுமே இல்லாத) செல் ஆகாது. அதே செல்லில் குளிரில் ஒட்டும் ஆன்டி-ஐ என்ற ஆன்டிபாடி பலமாகப் பிடிக்கும். கிட்டில் "அறை வெப்பநிலை" என்றால் 20 முதல் 24 டிகிரி. ஜனவரிக் காலையில் நம் மேசை அதற்கு வெகு கீழே இருக்கும். சீரம், செல், கழுவும் சலைன் மூன்றையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே கலக்குங்கள்.