கொருக்குப்பேட்டையில் ஏது தனி பங்களா? இளையோர் த்ரில்லரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய முதல் உளவியல் த்ரில்லரில் ஒரு பழைய பங்களா இருந்தது. சுற்றிலும் தோப்பு. ராத்திரியானால் கரண்ட் போகும், மாடியில் காலடிச் சத்தம் கேட்கும். கதை நடக்கும் இடம் வடசென்னையில் வீடுகள் நெருக்கியடிக்கும் கொருக்குப்பேட்டை என்று வேறு எழுதியிருந்தேன். தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா மகள் பத்துப் பக்கம் படித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா மாமா, பக்கத்து வூட்ல யாருமே இல்லியா? ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலியா?"

என்னிடம் பதில் இல்லை. பயத்தை வேறு ஊரிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த வகைக் கதையில் கை வைக்கும் பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான்.

ஒரு ஸ்டோர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குடும்பம், ஒரே அடிபம்பு, பொதுக் கழிப்பறை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். இங்கே வளரும் பெண்ணுக்கு ஆள் இல்லாத இடம் பயமில்லை, அது கிடைக்காதா என்று ஏங்குவாள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவள் நிற்கும்போது அதுவரை நடந்த பேச்சு சட்டென்று நின்றுபோனால், அங்கே தொடங்குகிறது திகில். போன் அலமாரியில் கிடக்கிறது. அண்ணன் எதையாவது பார்த்துவிட்டானா? அழுவதற்கு பாத்ரூமை விட்டால் வேறு இடமில்லை, அங்கேயும் இரண்டு நிமிஷத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். இத்தனை கண்களுக்கு நடுவில் அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். நிஜமாகவே பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து பேய் பங்களாவை விட இது பத்து மடங்கு நடுக்கும்.

ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலிப் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. "ஏதோ நாத்தம் வருது" என்று பிள்ளை சொன்னால், "இது எப்பவும் வர்றதுதான், படு" என்பார்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி உணர்வதை மற்றவர்கள் இல்லை, இல்லை என்று மறுத்தே அவளைத் தன் மூளையையே சந்தேகிக்க வைப்பதை இந்த வகைக் கதைகள் விதவிதமாகச் சொல்லும். அதற்கு நம் ஊரிலேயே இப்படி ஒரு வழி இருக்கும்போது, காபியில் மாத்திரை கலக்கும் சித்தியைத் தேடிப் போக வேண்டாம்.

வடசென்னை என்றதும் கத்தியைத் தூக்குவது அடுத்த தவறு. ரவுடி, கஞ்சா, சந்துக்குள் துரத்தல். அது க்ரைம் கதை, நன்றாகவும் இருக்கலாம். ஆனால் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பிளஸ் டூ பையனுக்கு ராத்திரி தூக்கம் கெடுவது கத்தியால் இல்லை. குரூப்பில் சுற்றும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டால் கெடும்.

சரி, கதை சொல்பவரின் பொய்க்கு வருவோம். 'நம்பத்தகாத கதைசொல்லி' என்பதை 1961-இல் வெய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் ஒரு கலைச்சொல்லாக ஆக்கினார். புதிதாக எழுதுபவர்கள் இதை, கடைசி அத்தியாயம் வரை உண்மையை ஒளித்து வைக்கும் உரிமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "நான்தான் செய்தேன்" என்று 200-ஆம் பக்கத்தில் சொல்லும் ஆள், முதல் பக்கத்திலிருந்து தன் மனசுக்குள் ஏன் ஒரு தடவைகூட அதை நினைக்கவில்லை? படிப்பவருக்குக் கோபம்தான் வரும்.

பொய் சொல்லாமலே ஒருவர் தப்பாகச் சொல்ல முடியும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் காட்டி ஒரு சோதனை செய்தார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று ஒரு 50 பேரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று இன்னொரு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டபோது முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாவது கூட்டத்தில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் வேறு. உங்கள் நாயகியிடம் அம்மா ஒரு மாதிரி கேட்கிறாள், டீச்சர் ஒரு மாதிரி, இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஞாபகம் கொஞ்சம் நகரட்டும். அவள் பொய்யே சொல்லியிருக்க மாட்டாள். இருந்தும் நாம் ஏமாந்திருப்போம்.

மனநோயைக் கடைசித் திருப்பமாக வைப்பதை நான் மன்னிப்பதில்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று திட்டும் ஊர் இது. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். கதையும் அதே வசவைத்தான் நீட்டி முழக்குகிறது. போதாததற்கு, ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதிவிட்டு ஒரே ஆளுக்குள் இரண்டு ஆளைக் காட்டுவார்கள். இரண்டும் வேறு. ஸ்கிசோஃப்ரினியாவில் இல்லாத குரல் கேட்கலாம், நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்பலாம். இரண்டு ஆள் சமாச்சாரம் அபூர்வமான வேறொரு கோளாறு. அப்புறம், தற்கொலை வந்தால் எப்படிச் செய்தாள் என்ற விவரம் வேண்டாம். படிக்கிற பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. புத்தகத்தின் ஓரத்தில் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணைப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

போலீஸ் காட்சியில் சட்டத்தைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும், பெயரோ படமோ வெளியே வரக் கூடாது. 16 வயது தாண்டியவன் மேல் கொடுங்குற்றப் புகார் என்றால், செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா என்று வாரியம் முதலில் எடைபோடும். அந்த அறையைவிட நல்ல உளவியல் காட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

ரயில் நேரத்தையும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டையும் தப்பாக எழுதாதீர்கள். பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

படிப்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. 'யாரு பண்ணது' என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வெற்றி என்று நினைத்து, நடுப்பக்கங்களைத் தாவுவது. சிலர் நேராகக் கடைசிப் பக்கத்துக்கே போய்விடுவார்கள். நல்ல த்ரில்லரில் முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால், அங்கே சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வாக்கியம் இப்போது வேறாகத் தெரியும். அப்படி ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால் எழுதியவரைத் திட்டலாம்.

என் கதையில் இப்போது பங்களா இல்லை. அடிபம்பு இருக்கிறது. அக்கா மகள் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாள். கடைசி அத்தியாயத்தை அவளிடம் இன்னும் கொடுக்கவில்லை.